நல்ல காலில் கட்டு

கிளப்பின் சிகிச்சை அறையில் அன்று நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மேசைமேல் காலை நீட்டிப் படுத்திருந்தவர் என் அக்காவின் கணவர். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் டாக்டர். சுவரில் சாய்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தவர் வெளிநாட்டிலிருந்து வந்த கோச். கோச்சுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலில் நான். அவருடைய மொழியிலும் நம் மொழியிலும் பள்ளியில் படித்தவள் என்பதால் கிளப் எனக்குக் கொடுத்த வேலை அது.

டாக்டர் முழங்காலில் சுற்றியிருந்த கட்டைப் பிரித்தார். சில்லின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"இங்க?"

"இல்ல."

காலை மடக்கினார், நீட்டினார், பழைய ஜீப்பின் கியரைப் போல அப்படியும் இப்படியும் அசைத்தார்.

"இப்ப?"

"கூசுது சார்."

கோச் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறான்?"

"வலியில்லை என்கிறார்."

"போன ஆட்டம் முழுவதும் இந்தக் கட்டோடுதானே ஓடினான்? உண்மையாகவே வலியில்லையா?"

"கூசுகிறது என்கிறார்."

கோச்சின் கண்கள் கலங்கிவிட்டன. "அவன் ஒரு சிங்கம் என்று சொல்."

"நீங்க சிங்கமாம்" என்றேன்.

"எதுக்காம்?" என்றார் அத்தான்.

"வலியை வெளிய காட்டிக்கலையாம்."

"அப்படியா? ரொம்ப நன்றின்னு சொல்லிடு மேடம்."

என்னைக் கேலி செய்யும்போது அவர் மேடம் என்பார். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் நான் குடுத்த களிம்பு. வீக்கமே இல்ல பாருங்க" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். கோச் போய் டாக்டரைக் கட்டிக்கொண்டார்.

அந்த அறையில் அத்தான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. வலிக்கவில்லை என்றார், வலிக்கவில்லைதான். அந்த முழங்காலில் வலிப்பதற்கு ஒன்றுமே இல்லை. அது வலது கால். கெட்டுப்போயிருந்தது இடது.

அத்தானின் சொந்தப் பெயர் வீட்டோடு சரி. ஊர் அவரைக் கதவு என்றுதான் கூப்பிட்டது. எதிரணிக்காரன் பந்தோடு வந்தால் இடது ஓரத்தில் சாத்திக்கொண்டு நிற்பார். நல்ல உயரம், நல்ல அகலம், தட்டினால் மட்டும் சத்தம் வரும். மீசை முளைக்கும் முன்பே கிளப்புக்கு வந்தவர், மீசையில் வெள்ளை தெரிந்த பிறகும் அதே ஓரத்தில் நின்றார். அதற்கு முந்தைய வருடம், மழையில் நடந்த ஓர் ஆட்டத்தில், இடது முழங்காலுக்குள் இருந்த சவ்வு கிழிந்துபோனது. கதவு நின்றது, கீல் போய்விட்டது. இது அக்காவுக்கும் எனக்கும் கூட ஆடியவர்களுக்கும் தெரியும்.

பட்ட காலிலே படும் என்பது பழமொழி. கால்பந்தில் அது தானாகப் படுவதில்லை. எதிரணியில் ஒருவன் அதற்கென்றே பூட்ஸ் மாட்டிக்கொண்டு வருவான். கட்டுப் போட்ட காலைக் கண்டால் அவனுக்கு முகவரி கிடைத்த மாதிரி. ஆகவே எங்கள் ஆட்டக்காரர்கள் முகவரியை மாற்றி எழுதிவிடுவார்கள். இடது கால் போனால் வலது காலில் கட்டு. வலது போனால் இடதில். ஒருமுறை எங்கள் கோல்கீப்பர் விரல் பிசகியதற்குக் கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு நின்றார். எதிரணி அன்று முழுக்க அவர் தலைக்கு மேலேயே பந்தை அடித்து வெளியே அனுப்பியது. உடை மாற்றும் அறையைத் தாண்டி இந்தச் சேதி போகாது. கோச்சுகள் மழைக்கால ஈசல் போல வந்து போவதால் அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. டாக்டர் கேட்டதில்லை.

டாக்டரைக் குறை சொல்ல முடியாது. அவர் தோல் டாக்டர். கிளப் முதலாளிக்குச் சகலை. தேமலுக்கும் படைக்கும் நல்ல கைராசி உண்டு. எங்கே கட்டு இருக்கிறதோ அங்கேதான் காயம் இருக்கும் என்று நம்புவதற்கு ஒருவர் தோல் டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஆனாலும் அது உதவியது. சீசன் பாதியில் அவர் அந்த வலது காலை ஸ்கேன் எடுக்க அனுப்பினார். படம் பளிச்சென்று வந்தது, பள்ளிக்கூடத்துப் பையனின் முழங்கால் போல. தன் களிம்பின் சாதனை என்று அதைச் சட்டம் போட்டுச் சிகிச்சை அறைச் சுவரில் மாட்டினார்.

என் வேலை, சொன்னதைச் சொல்வது. சொல்லாததைச் சொல்வதற்குத் தனி ஆள் போடவில்லை.

முதலாளி பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி செய்கிறவர். எங்கள் ஆட்டக்காரர்கள் நெஞ்சில் ஒரு தொட்டிப் படத்தோடும், முதுகில் 'கசியாது' என்ற சொல்லோடும் ஓடினார்கள். கோல் வாங்கிய நாட்களில் அந்த முதுகுகளைப் பார்க்க அவருக்குப் பிடிக்காது. சீசன் தொடக்கத்தில் அத்தானைக் கூப்பிட்டு, "வயசாகுதுப்பா. ஒரு ஆட்டம்கூட விடாம ஆடிக் காட்டு, மேல ரெண்டு வருஷம் போட்டுத் தரேன். நடுவுல ஒரு நாள் வெளிய உட்கார்ந்தாலும் மாலை போட்டு அனுப்பிடுவேன்" என்றார். பழைய காயத்தை மறைத்திருந்தால் ஒப்பந்தம் செல்லாது என்பதும் கூடவே வந்த நிபந்தனை. அத்தான் தலையாட்டிவிட்டு வந்தார். இவர் வயதுப் பின்கள ஆட்டக்காரரை வேறெந்தக் கிளப்பும் வாசலில் செருப்பைக் கழற்றக்கூட விடாது. பந்தைத் தடுப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் அவர் செய்ததில்லை. வீட்டில் ஒரு பல்பு மாற்றினால் பக்கத்து வீட்டுக்கும் கரண்ட் போய்விடும்.

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. இதில் வேடிக்கை, அக்கா வேலை செய்வது லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் புகார் மேசையில். பகல் முழுக்க, நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, மாலையில் படியேறி வருவாள். வரும் வழியில் பல நாள், முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் தன் கணவர் மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பாள்.

அவர் உட்கார்ந்தபடி ஏறுவார். படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளை மேல்படியில் ஊன்றி, இடது காலை நீட்டியபடியே ஒவ்வொரு படியாகப் பின்னால் நகர்வார். ஒரு நாள் இரண்டாம் மாடிக்காரர் பார்த்துவிட்டார். அவர் எங்கள் கிளப்பின் தீவிர ரசிகர்.

"என்ன கதவு சார், இப்படி ஏறுறீங்க?"

"பயிற்சிங்க. கோச் சொல்லியிருக்காரு."

அடுத்த வாரம் முதல் இரண்டாம் மாடிக்காரரும் உட்கார்ந்து ஏறினார். தொப்பை குறைவதாகச் சொன்னார்.

அக்காவுக்கு இதில் சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டு மேசையில் அத்தானின் காலடியில் ஒரு நாற்காலி, நாற்காலிமேல் இடது கால், காலின்மேல் பனிக்கட்டிப் பை. எதிரில் அக்கா. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஏங்க, ஒரு லிஃப்ட் கம்பி அறுந்தா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? 'யாரும் ஏறாதீங்க'ன்னு பலகை மாட்டுவோம். உங்க ஆளுங்க என்ன செய்யறாங்க? கம்பி அறுந்த லிஃப்டைப் பார்த்து, சிங்கம்டா நீ, இன்னும் நாலு பேரை ஏத்துங்கறாங்க."

"சீசன் முடியட்டும்."

"சீசன் முடியறதுக்குள்ள கால் முடிஞ்சிடும்."

"கையெழுத்துப் போட்டதும் நல்ல டாக்டரா பார்த்து மெதுவா சரி பண்ணிக்கலாம். ஒரு சவ்வுதானே."

"நாக்கும் ஒரு சவ்வு மாதிரிதாங்க. அதை ஒரு தடவை அந்த முதலாளி முன்னாடி அசைச்சுப் பாருங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். "மேடம், உங்க அக்கா பேசறதை எனக்குப் புரியற மொழியில சொல்லு."

"புரியாம இல்ல, அத்தான்" என்றேன்.

ஓர் ஆட்டமும் விடாமல் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டார். தோற்றால் கிளப் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும், கோல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்ற நிலை. ஆட்டத்துக்கு முன் சிகிச்சை அறைக்கு முதலாளியே வந்தார். கோச் முந்தைய வாரமே ஒரு யோசனை சொல்லியிருந்தார்: சிங்கத்துக்கு வலியில்லைதான், இருந்தாலும் கடைசி ஆட்டத்துக்கு ஒரு மரப்பு ஊசி போட்டுவிடலாம், முன்னெச்சரிக்கைக்கு.

டாக்டர் ஊசியை உயர்த்தி ஒரு சொட்டு வெளியே தள்ளினார். வலது முழங்காலின் கட்டைப் பிரித்தார்.

அத்தான் பாதி எழுந்து உட்கார்ந்தார். "சார், ஊசின்னா... ஒரு நிமிஷம்."

"பயமா?"

"பயமில்ல சார். இந்தக் கால்ல..."

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆட்டம் முடிஞ்ச கையோட கையெழுத்து. பேனாவே கொண்டுவந்துட்டேன்" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

அத்தான் அந்தப் பேனாவைப் பார்த்தார். சுவரில் சட்டத்துக்குள் இருந்த தன் முழங்காலைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். டாக்டர் பேசுவது நம் மொழி, அதில் எனக்கு வேலையில்லை.

"குத்துங்க சார்" என்றார்.

இப்படியாக, சீசன் முழுவதும் எதிரணியை ஏமாற்றக் கட்டிய கட்டு, கடைசி நாளில் சொந்த டாக்டரை ஏமாற்றியது. வலிக்கிற இடது கால் வலித்துக்கொண்டே இருந்தது. வலிக்காத வலது காலும் மரக்கட்டையாகிவிட்டது. ஒரு மனிதனிடம் இருந்த ஒரே நல்ல காலையும் வாங்கி வைத்துக்கொண்டு, போய் ஓடு என்றார்கள்.

கோச் வீரர்களைச் சுற்றி நிறுத்தி ரத்தம், போர், மரணம், தாய்நாடு என்று நெடுநேரம் பேசினார். நான், "பின்னாடி ஆள் விடாதீங்கங்கறாரு" என்றேன்.

அன்றைய ஆட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியது நினைவிருக்கலாம். எதிரணிக்காரர்கள் கட்டைப் பார்த்தார்கள், முகவரிக்கு ஒழுங்காகத் தபால் போட்டார்கள். வலது முழங்காலில் ஒரு உதை, முட்டியால் ஒரு இடி, பூட்ஸ் அடியால் ஒரு தேய்ப்பு. அத்தான் கொசு உட்கார்ந்ததுபோலக்கூட முகத்தைச் சுளிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. இரண்டாம் பாதியில் எதிரணியின் முன்கள ஆட்டக்காரன் அவர் அருகில் வந்து, "உனக்கு வலிக்கவே வலிக்காதாய்யா?" என்று கேட்டானாம்.

"இந்தக் கால்ல வலிக்காது" என்றாராம் இவர்.

அதற்குப் பிறகு அந்தப் பையன் இந்தப் பக்கமே வரவில்லை.

இடது காலை யாரும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரு பந்து அவரைத் தாண்டி உள்ளே வந்தது. திரும்ப இடது காலை ஊன்றினார். காய்ந்த குச்சி முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டதாக அவரே பிறகு சொன்னார். கதவு அப்படியே பெயர்ந்து சரிந்தது. சரிந்த கதவின் தோளில் பட்டுப் பந்து வெளியே போனது. கோல் இல்லை. கிளப் பிழைத்தது.

எழ முயன்றார். இடது கால் கேட்கவில்லை. வலது கால் எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. அதனால் கட்டுப் போட்ட வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தரையில் நட்டு, பல்லைக் கடித்து எழுந்தார். மரக்காலை நிமிர்த்துகிறவன் எப்படி எழுவானோ அப்படி. அந்த நொடியைத்தான் ஒரு புகைப்படக்காரர் பிடித்தார்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம். 'வலியை மண்டியிட வைத்தவர்' என்று ஒன்று எழுதியது. இன்னொன்றில் ஒரு கவிஞர் அந்த வலது முழங்காலைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தார். முதலாளி அதை மைதானத்து வாசல் சுவரில் ஆள் உயரத்துக்கு மூன்று பங்கு பெரிதாக வரைய வைத்து, கீழே எழுதினார்: கசியாத தொட்டி, கலங்காத கால். உள்ளே போகிற இளம் ஆட்டக்காரர்கள் அந்த முழங்காலைத் தொட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். வலது முழங்காலில் மட்டும் பெயிண்ட் மங்கிவிட்டது. இடது முழங்கால் புத்தம்புதிதாக இருக்கிறது.

ஆட்டத்துக்கு மறுநாள் வீட்டில், நிஜமான இடது முழங்கால் பூசணிக்காய் போல வீங்கிக் கிடந்தது.

"நேத்து ஆட்டத்துல அடிபட்டதுன்னு சொல்லுங்க" என்றாள் அக்கா. "அது உண்மையும்தான். இனிமே யார் என்ன கேட்கப்போறாங்க?"

"ஸ்கேன் எடுப்பாங்க. உள்ள எலும்பு தேய்ஞ்சிருக்கு. ஒரே நாள்ல யாருக்கும் எலும்பு தேயாது. இத்தனை நாள் எங்கடா வெச்சிருந்தேன்னு முதலாளி கேட்பான். கையெழுத்துப் போட்ட தாளை அவனே கிழிப்பான்."

"அப்போ?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷம் இந்தக் காலோடயா?"

"கால்தானே, எங்க போகுது."

"எங்கயும் போகாது. அதுதான் பிரச்சினை" என்றாள்.

பாராட்டு விழா நடந்தது. மேடையில் முதலாளி மைக்கைப் பிடித்து, கிளப்புக்காகச் சிதைந்த அந்த வலது முழங்காலுக்குத் தன் செலவில், பெரிய டாக்டரை வைத்து ஆபரேஷன் செய்யப்போவதாக அறிவித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த சகலை டாக்டர் மெல்ல எழுந்து அவர் காதில், "சகல, அந்தக் கால் ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையே" என்றார்.

"பேப்பர் படத்துல இருக்குல்ல? உட்காருங்க" என்றார் முதலாளி.

அத்தானிடம் மைக் வந்தது. அவர் பேசி யாரும் கேட்டதில்லை. ஆபரேஷனுக்குச் சம்மதித்தால் நல்ல காலை அறுப்பார்கள். அந்தக் கால் இல்லை, இந்தக் கால் என்றால் எல்லாம் போகும். வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு ஆபரேஷன் வேண்டாங்க" என்றார். "இது இப்படியே இருக்கட்டும்."

கைதட்டல் அடங்க நேரமானது. பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோச் என் கையைப் பிடித்து, என்ன சொன்னான் என்று கேட்டார். சொன்னேன். அவரும் அழுதார். அடுத்த மாதம் அவரை வேலையை விட்டு அனுப்பியபோதுகூட அவ்வளவு அழவில்லை. அரங்கில் அழாமல் இருந்தது அக்கா ஒருத்திதான். "உலகத்திலேயே நல்ல காலுக்கு ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிக் கைதட்டு வாங்கினவர் இவர்தான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கீழே போய் ஆட்டோ பிடித்து நிறுத்தினாள்.

இப்போது அவர் ஆடுவதில்லை. ஆட வேண்டும் என்று முதலாளியும் கேட்பதில்லை. கோல் முன்னால் நின்றதைவிடத் தொட்டி பக்கத்தில் நிற்கும்போது கதவால் அதிக லாபம் என்று கண்டுகொண்டார். வலிக்களிம்பு விளம்பரம் ஒன்றில் வலது முழங்காலில் தேய்த்துக்கொண்டு சிரிக்கிறார். பள்ளிக்கூடங்களுக்குக் கூட்டிப் போகிறார்கள். வலியைப் பொறுத்துக்கொள்வது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். என்ன சொல்வார் என்று தெரியவில்லை. பழகிடும் என்று சொல்வாராக இருக்கும்.

இதில் கஷ்டம், நடைதான். ஊர் பார்க்கும்போது அவர் வலது காலை நொண்ட வேண்டும். நொண்டாவிட்டால் சுவரில் இருப்பது யார் என்று கேட்பார்கள். ஆனால் வலது காலை நொண்டுவதென்றால் உடம்பின் பாரத்தை இடது காலில் இறக்க வேண்டும். நல்ல காலுக்கு ஓய்வு, தேய்ந்த காலுக்குச் சுமை. வீட்டுக்குள் இடது காலை நொண்டிக்கொண்டே இருந்துவிட்டு, படி இறங்கித் தெருவுக்கு வந்ததும் கால் மாற்றுவார். சில நாள் மறந்துவிடும். களைத்த நாட்களில் உடம்பு உண்மையைப் பேசிவிடும். ஒருமுறை கடைக்காரர் ஒருவர், "என்ன சார், போன வாரம் அந்தக் கால், இந்த வாரம் இந்தக் காலா? நடிப்பெல்லாம் நல்லா வருது" என்றார். அத்தான் வாங்க வந்ததை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினார். வருடக்கணக்கில் வலியை மறைத்தவரை ஒருவர் நடிகர் என்று சொல்லிவிட்டார். சொன்னது தப்பும் இல்லை.

போன மாதம் முதலாளியின் புதுத் தொட்டி அறிமுக விழா. புது கோச்சுக்கும் நான்தான் மொழிபெயர்ப்பு என்பதால் நானும் போனேன். வாசலிலிருந்து மேடை வரை சிவப்புக் கம்பளம். இரண்டு பக்கமும் ஆட்கள், கையில் போன்கள். அத்தான் காரிலிருந்து இறங்கி, கார்க் கதவைப் பிடித்தபடி அந்தக் கம்பளத்தைப் பார்த்தார். மைதானத்தை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"மேடம்" என்றார்.

"சொல்லுங்க அத்தான்."

"என் இடது பக்கமா கூட நடந்து வா. நான் கால் மாத்தி நொண்டிட்டேன்னா, யாருக்கும் தெரியாம கையில ஒரு கிள்ளு கிள்ளு. கொஞ்சம் பலமாவே கிள்ளு. லேசா வலிச்சா எனக்கு இப்பல்லாம் தெரியறதில்ல."